அடைக்க ஒரு பாட்டு

என் பேத்தி பள்ளிக்கூடத்தை விட்ட நாளில், கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மையார் ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். பதினாறு வயதுப் பெண் உயர்பள்ளியை இடையில் நிறுத்திவிட்டு, ஏரியில் ஓடும் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் பழகப் போகிறாள். ‘லேரே’ என்று இங்கே அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் துக்கவீட்டு அமைதி. அம்மையாரோ “கிராட்டுலியேரே” என்று வாழ்த்தி என் கையைப் பற்றிக் குலுக்கினார். “நன்றாகப் படிக்கிற பிள்ளை” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் என் ஆற்றாமையைச் சொன்னேன். “ஆமாம், அதனால்தானே இடம் கிடைத்தது” என்று அவர் இன்னும் மகிழ்ந்தார்.

“அம்மப்பா, முகத்தை ஏன் இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?” என்றாள் பேத்தி, கேக்கை வெட்டியபடி. “கிழமையில ஒரு நாள் பள்ளிக்கூடம் இருக்கு. பிறகு விருப்பமெண்டால் மேல படிக்கலாம். கதவு ஒண்டும் பூட்டுப்படேல்லை.”

கதவு. திருக்கோணமலையில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவன் நான். மறைக்காட்டுக் கோயிலின் திருக்கதவைத் திறப்பதற்கு அடியார் ஒருவர் பதிகம் முழுவதையும் உருகி உருகிப் பாட வேண்டியிருந்தது. அதை அடைக்க, உடன் வந்த இளைய அடியாருக்கு ஒரு பாட்டே போதுமாயிற்று. இறைவன் வைத்த இந்தக் கணக்கு எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. விளங்கவைத்தது என் தம்பியின் மகன் நேசனுடைய வாழ்வு.

திருக்கோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறான். தகப்பன் நோயில் படுத்த ஆண்டில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சல்லி என்ற மீனவ ஊரின் கரைக்கு மீன்பெட்டிகளுக்கு ஐஸ் போடப் போனான். “கொஞ்ச நாளைக்குத்தானே” என்று வீடும் சொன்னது, அயலும் சொன்னது. அடைத்த பாட்டு அதுதான். பின்னர் துறைமுகத்தில் நிரந்தர வேலையொன்றையே அவன் வாழ்வின் குறியாகக் கொண்டான். காவல் வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் சித்தியைக் கேட்டார்கள். கூலியாளாக மட்டும் காலையில் உள்ளே போய், மாலையில் அதே வாசலால் வெளியே வந்துகொண்டிருந்தான். கல்வி வேண்டாமென்று வாதிட நான் வரவில்லை. வறுமை பிடித்த ஒரு குடும்பம் பதினாறு வயதுப் பிள்ளைக்காக எடுத்த முடிவை, அவன் தலை நரைக்கும்வரை அவன் நெற்றியில் ஒட்டி வைத்திருப்பது எந்த நீதி? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பிள்ளைகள் பிறந்த பின்னர் நேசன் மீண்டும் புத்தகத்தைத் தூக்கினான். பரீட்சை மண்டப வாசலில் மேற்பார்வை ஆசிரியை, “ஐயா, பிள்ளையை விட்டிட்டு வெளியால நில்லுங்கோ” என்றாராம். “அனுமதி அட்டையைக் காட்டினனான் பெரியப்பா. அட்டையைப் பாத்தா, என்ர முடியைப் பாத்தா, பிறகு பேசாமல் கதிரையைக் காட்டினா” என்று சொல்லிச் சிரித்தான். கணிதத்தில் மட்டும் இருமுறை தவறி, இவ்வாண்டுதான் சித்தியடைந்தான். பதிகம் முழுவதையும் பாடி முடித்தவனைப் போலத் துறைமுகத்துக்கு விண்ணப்பம் கேட்கப் போனான். வயதெல்லை கடந்துவிட்டது என்றார்கள்.

கேக் வந்த அந்த மாலையில்தான் தொலைபேசியில் அதைச் சொன்னான்.

“கணக்கில பாஸ், வயசில பெயில், பெரியப்பா.”

நான் பேத்தியின் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“அங்க என்னைப்போல ஆக்களையும் பழக்க எடுப்பினமோ?”

“இங்க இருக்கிறவைக்கு ஓம். ஆனால் உன்னை இங்க கூப்பிட என்னால ஏலாது, நேசன்.”

“தெரியும். சும்மா கேட்டனான். பிள்ளையை வடிவாப் பழகச் சொல்லுங்கோ. கப்பல் வேலை நல்ல வேலை.”

அடைத்த பாட்டைப் பாடியவர்களுள் இப்போது நானும் ஒருவன். சாமி அலுமாரியில் கோணமலை நாதன் படத்தின் முன்னே, பேத்தி வைத்த கேக் துண்டு தொடப்படாமல் இருந்தது. அவ்வேளையில் கப்பலொன்று நீளமாக ஊதிற்று.

“கப்பல் ஊதுது,” என்றான் நேசன். “எங்கட துறைமுகமோ, உங்கட ஏரியோ?”

யன்னலுக்கு வெளியே ஏரி இருந்தது. அதைப் பார்க்காமல், காதில் தொலைபேசியை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.