ஏறாத பிரயாணி

சென்ற திங்கட்கிழமை காலை, பரமத்தியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், ஒரு பஸ்ஸைக் கை தூக்கி நிறுத்தினேன்.

ஏறுவதற்காக அல்ல.

பஸ் நின்ற பிறகும் நான் ஏறவில்லை. இதனால் டிரைவருக்குக் கோபம். பஸ் முதலாளிக்குக் கவலை. எனக்கோ… அடக்கத்தோடு சொல்கிறேன்… வெற்றி.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்கள், நான் நாமக்கல்லில் ஒரு பெண் பாடசாலையில் ஆசிரியை என்பதையும், வித்துவான் பரீட்சைக்குத் தனியாகப் படித்து வருகிறேன் என்பதையும் அறிவார்கள். பாடசாலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்பதை மட்டும் இதுவரை எழுதவில்லை. எழுதினால் புத்திமதிகள் தபாலில் வந்து குவியும் என்ற பயந்தான் காரணம்.

என் சைக்கிள், சீமைக்குத் திரும்பிய ஒரு டாக்டரம்மாளிடம் அண்ணன் வாங்கியது. சேலை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தின் இருபுறமும் நூல் வலை கட்டியிருக்கும். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டால் வேறு தொல்லை கிடையாது. ஊரார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அதுவும் அவர்களுக்குச் சலித்துவிட்டது.

ஆகவே எனக்கு எதிரி ஊரல்ல. சாலை!

அந்தச் சாலையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நடுவே கப்பி போட்டு இறுக்கிய பாதை. அதன் அகலம் ஒரு பஸ்ஸின் அகலம். இரு ஓரமும் புதைமணல். பின்னால் ஹாரன் கேட்டால் சைக்கிள்காரர் மணலில் இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். யார் விதித்த வழக்கம்? ஹாரன் வைத்திருப்பவர்கள்தான், வேறு யார்?

வேகமாக மணலில் இறங்கினால் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும். சைக்கிள் நிற்கும், நாம் மட்டும் மேலே பிரயாணம் செய்வோம்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் சாலையில் ஓடுபவை இரண்டு கம்பெனிகளின் பஸ்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அடுத்த ஊரில் நிற்கும் பிரயாணிகளை யார் முதலில் அள்ளுவது என்பதில் இரண்டுக்கும் தினமும் போட்டி. பச்சை போய்விட்டது என்று நிம்மதியாகக் கப்பியில் ஏறினால், அது கிளப்பிய புழுதிக்குள்ளிருந்து சிவப்பு புறப்பட்டு வரும். என் முதல் இரண்டு வீழ்ச்சிகளுக்கும் பச்சையே காரணம். மூன்றாவது, புழுதிக்குள்ளிருந்து வந்த சிவப்பின் உபயம்.

அன்று முழங்கை கிழிந்து, ரத்தம் தோய்ந்த சேலையோடு வீடு சேர்ந்தேன். அண்ணன் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அதட்டிப் பேசுகிறவர் அல்லர். அன்றும் அதட்டவில்லை.

“இதோட மூணாச்சு அம்மிணி. இன்னொருக்கா உளுந்து எந்திரிச்சு வந்தீனா, சைக்கிள வித்துப்போடுவேன். வேலையும் வேண்டாம். ஊட்டுல உக்காந்து படி.”

“பஸ்ஸில் போய் வரலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். பஸ்ஸா! எங்கள் பக்கத்துப் பஸ் நிரம்பினால்தான் புறப்படும். பாடசாலை மணி அதுவரை காத்திருக்குமா? மாலையிலோ, வாசகசாலையில் என் பாடத்தை முடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் கடைசிப் பஸ் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து படிக்கும்படி அண்ணன் சொன்னார். ஆனால் படிக்க வேண்டிய நூல்கள் எல்லாம் அந்த வாசகசாலையில் அல்லவா இருக்கின்றன? சைக்கிள் போனால் வேலை போகும்; வேலையோடு பரீட்சையும் போகும்.

அதன் பிறகு சில நாட்கள் ஹாரன் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் நடந்தேன். விழவில்லை. ஆனால் பாடசாலைக்குத் தாமதமாகப் போனேன்.

இந்த நிலையில்தான் ஒரு காட்சியைக் கண்டேன். பச்சைப் பஸ் என்னை மணலுக்குத் துரத்திவிட்டு அம்பாய்ப் பறந்துகொண்டிருந்தது. சிறிது தூரத்தில், கோழிக் கூடையோடு வேப்பமரத்தடியில் நின்ற ஒரு பெண்மணி, அவசரமே இல்லாமல் ஒரு கையைத் தூக்கினாள்.

ஆணி அடித்ததுபோல் பஸ் நின்றது.

இவ்வளவு நல்ல பிரேக் அந்த வண்டியில் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. ஹாரன் மட்டுமே இருப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்?

யோசித்துப் பார்த்தேன். இந்த டிரைவர்கள் மாட்டு வண்டிக்கு நிற்கிறார்கள். மிரண்ட மாடு பஸ்ஸின் முகத்தைப் பெயர்த்துவிடும். மேச்சேரிச் செம்மறியாட்டு மந்தை வந்தாலும் நிற்கிறார்கள். ஓர் ஆடு அடிபட்டால் ஊர் கூடிவிடும். சைக்கிளுக்கு மட்டும் நிற்பதில்லை. ஏன்? சைக்கிள்காரர் தாமே விலகிவிடுவார் என்ற நம்பிக்கை. சாலையில் போவது மனிதர் என்றால் ஹாரன். பிரயாணி என்றால் பிரேக்!

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் நெற்களத்தில் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிப் பழகினேன். தென்னந்தோப்பில் வேலையாக இருந்தவர்கள், டீச்சரம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை. பின்னால் பச்சைப் பஸ்ஸின் ஹாரன். நான் கப்பியை விட்டு இறங்கவில்லை. வலது கையை நேராகத் தூக்கினேன்.

ஹாரன் நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. கண்டக்டர் செல்லமுத்து குதித்து ஓடி வந்தார். அவருக்கு ஏன் அவ்வளவு உற்சாகம் என்றால், சைக்கிளோடு ஏறுபவர் ஆளுக்கும் கட்டணம் தர வேண்டும், கூரைமேல் போகும் சைக்கிளுக்கும் தர வேண்டும்.

“வாங்க அம்மிணி, வாங்க. சைக்கிள இப்புடிக் குடுங்க, வெத்தலைக் கட்டோட மேல போட்டுரலாம். செவப்பு வாரான், வெசையா ஏறுங்க.”

“நான் ஏறலைங்க.”

“ஏறலையா? அப்பறம் எதுக்குங்க கையத் தூக்குனீங்க?”

“வண்டி நிக்கோணும்னுதானுங்க.”

“அதான் நின்னுருச்சே. ஏறுங்க.”

“நின்னதே போதுமுங்க.”

டிரைவர் மாரப்பன் தலையை வெளியே நீட்டினார். “ஏனுங் டீச்சரம்மா, காலங்காத்தால எங்கிட்டத்தான் வெளையாட்டா?”

உள்ளே இருந்து ஒரு வெற்றிலை வியாபாரி குரல் கொடுத்தார். “உன்ற பிரேக்கு புடிக்குதான்னு பாத்தாங்கடா மாரப்பா. புடிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு, எடு வண்டிய.”

பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிவப்புப் பஸ், கப்பியில் வழியில்லாததால் மணலில் இறங்கி, ஆடி அசைந்து, பச்சையைத் தாண்டிப் போயிற்று. பஸ் ஒன்று மணலில் இறங்கியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

நான் செய்தது பொய்யா? வழியெல்லாம் இதையே ஆராய்ந்துகொண்டு போனேன். கை தூக்குவது, நில்லுங்கள் என்ற வேண்டுகோள். ஏறுவேன் என்ற வாக்குறுதியை அதில் சேர்த்துக்கொண்டவர் மாரப்பன். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மனச்சாட்சி முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கும் முழங்கை உண்டல்லவா? விரைவில் சமாதானமாகிவிட்டது.

மறுநாள் மாரப்பன் ஏமாறத் தயாராக இல்லை. கை தூக்கினேன். ஹாரன்தான் வலுத்தது. திரும்பிப் பார்த்தேன், வேகம் குறையவில்லை. பிடிவாதத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் நடுவிலுள்ள கோடு மெல்லியது என்று அறிவேன். சட்டென்று இறங்கி மணலுக்குள் சைக்கிளைத் தள்ளினேன். பச்சை பறந்தது. “என்னங் டீச்சரம்மா, ஏறலீங்களா?” என்ற செல்லமுத்துவின் குரல் மட்டும் புழுதியில் மிஞ்சியது.

தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணனிடம் நானே சைக்கிளை ஒப்படைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் சற்று தூரம் போனதும் பார்த்தேன். டயர் பஞ்சரான சைக்கிளோடும் பெரிய வெற்றிலைக் கட்டோடும், முதல் நாள் பஸ்ஸுக்குள்ளிருந்து குரல் கொடுத்த அதே வியாபாரி நின்றுகொண்டிருந்தார். அவரும் பச்சைக்குக் கை தூக்கியிருக்கிறார். அருகில் சைக்கிளைக் கண்ட மாரப்பன், இதுவும் என் வேலைதான் என்று நினைத்து நிற்காமல் போய்விட்டார்! நான் போய்ச் சேரும்போது சிவப்புப் பஸ்ஸின் கண்டக்டர் அந்தக் கட்டைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“பச்சையில எடமில்லீங்களா?” என்று அவர் கேட்டார்.

“எடமெல்லாம் கெடக்குதப்பா. அவனுக்குக் கண்ணுதான் இல்ல,” என்றார் வியாபாரி. என்னைப் பார்த்ததும், “நேத்து நீங்க பண்ணுனதுக்கு இன்னிக்கு நான் அனுபவிக்கிறேனுங் டீச்சரம்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை.

அவர் மூலமாகச் செய்தி டீக்கடைகளுக்குப் போயிற்று. எங்கள் சாலையில் வெற்றிலைக் கட்டோடு நாமக்கல் போகும் சைக்கிள்காரர்கள் பலர். கட்டோடு மணலில் இறங்குவது என்னைவிட அவர்களுக்குக் கஷ்டம்; சாய்ந்தால் வெற்றிலை நசுங்கிவிடும். மறுநாள் காலை, பஸ் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் ஒரு கை உயர்ந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

பாவம் மாரப்பன்! யார் பிரயாணி, யார் பிரயாணி அல்லர் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? எல்லாருக்கும் நின்றால் நேரம் போகும். யாருக்கும் நில்லாவிட்டால் பிரயாணிகள் சிவப்புக்குப் போவார்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் தலைமையாசிரியை என்னை அழைத்தார். வராந்தாவில் பச்சைப் பஸ் முதலாளி, கடுக்கனும் கோட்டுமாக அமர்ந்திருந்தார். பாடசாலைக்குப் புகார் வந்துவிட்டது என்று ஒரு வரி அண்ணன் காதுக்கு எட்டினால், நான்காவது வீழ்ச்சி தேவையே இல்லை.

“உக்காருங் டீச்சரம்மா,” என்றார் முதலாளி. “நீங்க ஏறவும் மாட்டேங்கறீங்க, கையையும் தூக்கறீங்க. ஏறுற ஆளா இல்லையான்னு எங்க டிரைவருக்கு எப்புடிங்க தெரியும்?”

“தெரியாதுங்க.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

“தெரியாததுனாலதானுங்க மெதுவா வரோணும். மெதுவா வந்தாக் கேட்டுக்கலாம். ஏறலைன்னா நாங்க தலையை ஆட்டிருவோம். நீங்க ஒரு பக்கச் சக்கரத்த மண்ணுல எறக்கிச் சுத்திப் போயிரலாமுங்க.”

“பஸ்ஸு எறங்கோணுமா? சைக்கிளுக்கா?”

“செவப்புப் பஸ்ஸு திங்கக்கிழமையே எறங்கிருச்சுங்க. ஒண்ணும் ஆகலை.”

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

முதலாளி வேறு வழியில் வந்தார். “ஒண்ணு பண்ணலாம். நீங்க மட்டும் எங்க பஸ்ஸுல சும்மாவே வந்துருங்க. டிக்கெட்டு வேண்டாம்.”

“ஆளு ரொம்புறதுக்கு முன்னால கெளம்புமுங்களா?”

அவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் நான் வழக்கமாகப் பேசுவதைவிட நீளமாகப் பேசினேன். “இன்னிக்குச் சைக்கிள்ல போறவங்க எல்லாருமே என்னிக்காவது பஸ் ஏறுறவங்கதானுங்க. பஞ்சர் ஆகும், மழை வரும், கல்யாணம் காச்சின்னு ஒறம்பறை ஊட்டுக்குக் குடும்பத்தோட போகோணும். தெனமும் மண்ணுல தள்ளுன பஸ்ஸுக்கு அன்னிக்குக் கையைத் தூக்குவாங்களா, செவப்புக்குத் தூக்குவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

முதலாளி கடுக்கனைத் திருகிக்கொண்டார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்து, “கணக்கு டீச்சருங்களா?” என்று கேட்டார்.

“தமிழ்,” என்றார் தலைமையாசிரியை.

“நல்லவேளைங்க,” என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

மறுநாளே மாரப்பனுக்கு உத்தரவாகியிருக்க வேண்டும். சைக்கிள் கண்ணில் பட்டதும் பஸ்ஸின் வேகம் தளர்ந்தது. நான் கை தூக்கவே இல்லை. பக்கத்தில் வந்து, “ஏறலீங்களே?” என்றார் அவர், சற்றே விறைப்பாக. தலையை ஆட்டினேன். பஸ் தன் வலப்பக்கச் சக்கரங்களை மணலில் இறக்கி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கப்பியின் மேலேயே இருந்தேன்! பச்சை இப்படி நடந்துகொள்ளும்போது சிவப்பு மட்டும் சும்மா இருக்குமா? மாலைக்குள் அதுவும் மரியாதை கற்றுக்கொண்டது.

சொந்தக் கார்கள் இந்த வைத்தியத்துக்கு மசிவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் பிரயாணிகள் வேண்டியதில்லையே! கார் வந்தால் இன்றும் மணல்தான். ஆனால் எங்கள் சாலையில் கார் அபூர்வம்.

நேற்றுக் காலை பச்சைப் பஸ் வழக்கம்போல் என் அருகில் தளர்ந்து, கேட்டு, சுற்றிக்கொண்டு போனபோது, ஜன்னலோரத்தில் ஒரு முகம் தெரிந்தது. அண்ணன்! வெற்றிலைக் கட்டுகளோடு நாமக்கல் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இரவு சாப்பிடும்போது அவர் இரண்டாவது முறை ரசம் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

“சைக்கிள விக்கிற பேச்ச இனி எடுக்கல அம்மிணி. ஆனா, வழிநெடுக ஒவ்வொரு சைக்கிளுக்கும் தளர்ந்து தளர்ந்து, இன்னிக்கு நான் சந்தைக்குப் போய்ச் சேர நேரமாயிப்போச்சு.”

“அதுக்கு நீங்க சைக்கிள்லயே போயிருக்கலாமுங்கண்ணா,” என்றேன்.