தராசுக்கடைக் கரும்பலகை

1962 பிப்ரவரி 5. எட்டுக் கிரகம் சேர்ந்தது. சேதம்: 0
1979 ஜூலை 11. ஸ்கைலாப் விழுந்தது. சேதம்: 0
1980 பிப்ரவரி 16. சூரிய கிரகணம். சேதம்:
1982 மார்ச் 10. கிரகங்கள் ஒரே பக்கம் நின்றன. சேதம்: 0
1986 ஏப்ரல் 11. ஹாலி வால்நட்சத்திரம். சேதம்: 0
மொத்தம்:

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து படகுத்துறைக்குப் பிரியும் சந்தில், காலை எட்டு மணிக்குக் கடைப் பலகைகளை எடுத்து வைத்ததும், தராசு பழுது பார்க்கும் சுப்புராஜ் முதலில் செய்வது இந்தக் கரும்பலகையின் மங்கிய எழுத்துகள் மேல் மறுபடி சாக்குக்கட்டி ஓட்டுவது. சேதம் என்றால் மட்டாஞ்சேரிச் சேதம். வேறு ஊருக்கு அவர் பொறுப்பில்லை. மூன்றாவது வரியில் ‘சேதம்’ வரை புதுப்பித்துவிட்டு, அதற்கப்பால் கை வைக்காமல் நான்காவதற்கு இறங்கிவிடுவார். ஒரு வரி காலி என்பதால் மொத்தமும் காலி.

வயது ஐம்பத்தெட்டு. கடையநல்லூர்க்காரர், கொச்சிக்கு வந்தது 1951இல். தராசின் முள்ளையே பார்த்துப் பார்த்து இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். மிளகு மண்டி, சுக்கு மண்டித் தராசுகள் வருடாந்திர முத்திரைக்குப் போகுமுன் அவர் கைக்கு வரும். சோதனை எளியது. ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் கல். முள் நேராக நின்றால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சுப்புராஜ் ஆட்டமாட்டார். “தட்டை மாத்திப் போடு” என்பார். கல்லைச் சரக்கின் இடத்திலும் சரக்கைக் கல்லின் இடத்திலும் வைத்து, அப்போதும் முள் நேராக நின்றால்தான் தராசு.

இதையே அவர் உலகத்துக்கும் வைத்திருந்தார். எதிர்ச் சாயாக்கடை குஞ்ஞப்பன், நேர்ச்சை வைத்துக் காமாலை தெளிந்த ஒருவரைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

“நேர்ந்துக்கிட்டுச் சொகமானவன் ஒரு தட்டுல. சரி. நேர்ந்துக்கிட்டும் செத்துப்போனவன எந்தத் தட்டுல வச்சே?”

“செத்தவன் வந்நு பறயில்லல்லோ, அண்ணா.”

“செத்தவன் வந்து சொல்லமாட்டான்ல, அதத்தான் நானும் சொல்லுதேன். ஒரு சாயா எடு.”

தமிழ்ப் பத்திரிகை ஒருநாள் தாமதமாக ரயிலில் வரும். அதையும் மலையாளப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டும் ஒத்துப்போகும் செய்தியை மட்டும் நம்புவார். 1977இல் இடக்கொச்சியில் ஒரு வீட்டுச் சாமி படத்திலிருந்து திருநீறு கொட்டுவதாக இரண்டிலும் வந்தது. சிறு தராசைத் துணியில் சுற்றிக்கொண்டு படகேறிப் போனார். வீட்டாரிடம் மரியாதையாகக் கேட்டு, மாலையில் படத்தை எடை போட்டார். மறுநாள் காலை திருநீறு கொட்டியபின் மறுபடி போட்டார். “படம் குண்டுமணி அளவு கொறையல. அப்ப திருநீறு வேற எங்கருந்தோ வருது” என்று சொல்லி, அவர்கள் கொடுத்த கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். சண்டை இல்லை. அந்த அளவோடு நிற்கத் தெரிந்த மனிதராகத்தான் அதுவரை இருந்தார்.

ஒரே மகள் சந்தனமாரி. சாமி இல்லை என்பவர் மகளுக்கு இந்தப் பெயரா என்றால், “பேர் வச்சது அவ அம்மா. அன்னிக்கு நான் ஆலப்புழையில வேலையா இருந்தேன்” என்பார். தென்காசியில் கட்டிக்கொடுத்திருந்தார். 1980 பிப்ரவரியில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணியாகப் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

கிரகணம் பதினாறாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல். ஒன்றரை மணிக்கே சந்து அடங்கிவிட்டது. குஞ்ஞப்பன் அடுப்பை அணைத்திருந்தார். சுப்புராஜ் கடை வாசலில் நாற்காலி போட்டு, மகளை அழைத்துவந்து உட்கார வைத்தார். ஊசித்துளை போட்ட அட்டையைப் பிடித்து, கடிபட்ட சூரியனைத் தரையில் விழவைத்தார். அவள் கையில் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரி ஒன்றைக் கொடுத்தார்.

“அப்பா, வேண்டாம்ப்பா. அங்க தெரிஞ்சா...”

“தெரியட்டும்மா. தெரியத்தான.”

உள்ளிருந்து அவர் மனைவி மூக்கம்மாள் சொன்னது சந்து முழுவதும் கேட்டது. “எம் பிள்ள ஒங்க தராசுக் கல்லு இல்ல.”

கதவிடுக்குகளிலும் மாடி ஜன்னல்களிலும் பதினேழு பேர் பார்த்ததை, கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நான் எண்ணினேன். சந்தனமாரி பழம்பொரியில் பாதியைத் தின்றாள். மீதியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அன்று மாலை பலகையில் மூன்றாவது வரி ஏறியது. “பேறு முடியட்டும். பூஜ்யம் அப்புறம் போடுதேன்” என்றார் சுப்புராஜ். அவரைப் பொறுத்தவரை அதுதான் முறை.

மார்ச் 21, வெள்ளிக்கிழமை, பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

எறணாகுளத்து டாக்டரம்மா விளக்கமாகவே சொன்னார். கரு உண்டான ஏழாவது வாரத்திலேயே உதடு ஒட்டிவிடும். ஒட்டாமல் போவதும் அப்போதுதான், இதற்கு யார்மேலும் குற்றமில்லை. மூன்றாவது மாதம் கொண்டுவந்தால் தைத்துவிடலாம். சுப்புராஜ் வாரத்தை இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைக்கு வந்து பின்னோக்கி எண்ணினோம். கரு உண்டானது 1979 ஜூன் 29ஐ ஒட்டி. ஏழு வாரம் கூட்டினால் ஆகஸ்ட் 17. அங்கிருந்து கிரகணத்துக்கு நூற்றெண்பத்து மூன்று நாள். சூரியன் மறைவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த உதடு பிளந்தாகிவிட்டது.

ஆனால் மிளகு லாரி டிரைவர் ஒருவர் மூலம் நாற்காலியும் பழம்பொரியும் தென்காசிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. சம்பந்தி வீரபாண்டிக்கு ஏப்ரல் 2ஆம் தேதி கடிதம் போட்டோம். அதை எழுதிக்கொடுத்தவன் நான். நகராட்சியில் முப்பத்தொரு வருடம் பிறப்புப் பதிவேடு எழுதிய கை. ஐந்து குறிப்புகள், எண் போட்டு, தேதிவாரியாக. கடைசிக் குறிப்பு, ஜூன் 23 ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டது. அந்தக் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. ‘வீட்டில் எல்லோரும் சுகமா’ என்ற வரியும் இல்லை. நகலை இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் அது தெரிகிறது.

பதில் ஏப்ரல் 14ஆம் தேதி வந்தது. “உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். பிள்ளையின் உதடு சரியாக இல்லை. சூரியனைக் காட்டியவரும் நீங்கள், கத்தியைக் காட்டுபவரும் நீங்களா? பரிகாரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” ஜூன் 8ஆம் தேதி தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனார்கள். சுப்புராஜ் அந்த வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன்பின் ஐந்து வருடம் பரிகாரங்கள் நடந்தன. ஆபரேஷன் நடக்கவில்லை. வீட்டாருக்குத் தெரியாமல் சந்தனமாரி எழுதியவை பத்துக் கடிதங்கள். மூன்றாவதில் இப்படி ஒரு பகுதி: “பாக்கியலக்ஷ்மிக்கு அம்மா என்று சொல்ல வரவில்லை. உதடு சேரவேண்டுமே. தாத்தா என்று தெளிவாகச் சொல்கிறாள். அதற்கு உதடு வேண்டியதில்லை. மாமா தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்க்கிறார்.” சுப்புராஜ் அந்தக் கடிதத்தை எடைக்கல் பெட்டியில், ஐந்து கிராம் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இதைப் பற்றி அவர் பேசியது ஒரே முறை. தராசுத் தண்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

“கணக்குல தப்பில்ல சாரே. இன்னிக்கும் தப்பில்ல. வீட்டுக்குள்ள அவளுக்குப் பசிச்சப்ப சோறு போட்டிருந்தாப் போதும். எனக்கு நாலு பேரு பாக்கணும்னு இருந்துச்சு. ரோட்டுல வச்சேன். அத மட்டும் செய்யாம இருந்திருந்தா, ஆபரேஷன் பண்ணுங்கன்னு நான் சொன்னத அந்த ஆளு கேட்டிருப்பாரு.”

தண்டைத் துணியால் துடைத்துவிட்டு, “எல்லாருக்கும் சொன்னேன். நான் தட்டை மாத்திப் போட்டுப் பாக்கல” என்றார்.

1982இல் கிரகங்கள் ஒரே பக்கம் சேர்ந்து உலகம் அழியும் என்று பத்திரிகைகள் எழுதின. குஞ்ஞப்பன் வழக்கம்போலக் கிண்டலாக வந்தார். “அண்ணா, நாளைக்குக் கடை துறக்கணோ?” சுப்புராஜ் திறக்கச் சொன்னார், அவ்வளவுதான். நாற்காலி வெளியே வரவில்லை. மறுநாள் பூஜ்யத்தை மட்டும் போட்டார்.

பதினோராவது கடிதம் மதுரை முத்திரையோடு வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்துவிட்டதால் வீரபாண்டி இறங்கிவந்திருந்தார். மே மாதம் ஆபரேஷன் முடிந்து, தையலும் பிரித்தாகிவிட்டது. “மாமா ஒரு வாக்கு வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார். பிறந்த வீட்டோடு இனிக் கடிதம்கூடக் கூடாதாம். சரி என்றேன். உதடு நன்றாக வந்திருக்கிறது. இப்போது அம்மா என்கிறாள். இனி எழுத மாட்டேன் அப்பா.”

நின்றபடியே படித்தார். உள்ளே போய் மூக்கம்மாளுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு வந்து என்னிடம் நீட்டினார். “தேதி குறிச்சுக்கங்க சாரே.” பிறகு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். மூன்றாவது வரியில் ‘சேதம்’ என்ற சொல்லுக்கு எதிரே வட்டத்தைத் தொடங்கினார். பாதி வளைந்ததும் கை நின்றது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அந்தப் பாதியைத் துடைத்தார்.

கடிதம் வந்த தேதி: 1985 ஜூன் 14, வெள்ளிக்கிழமை.