குண்டல குட்டயில் ஏரி உண்டா?

காலை ஐந்தரை மணிக்கு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் செந்திலின் கார் வந்து நின்றது. கொண்டாப்பூரிலிருந்து அவ்வளவு தூரம் என்னை அழைத்துப்போக வந்திருக்கிறாரே என்று நான் உருகிவிடவில்லை. நான் ஏறாத மலையை ஏறியதாகச் சொன்னேன் என்று நாற்பது பேர் படிக்க எழுதியவர் அவர். இன்று அந்த மலைக்கே கூட்டிப்போய் அதை எனக்கு நிரூபித்துக் காட்டுவதாக ஏற்பாடு. நானும் அதற்குத்தான் கிளம்பினேன், நிரூபிக்கப் போவது யார் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஞாயிறு பூசையை ஒரு மலைக்காக விடுகிற ஆள் இல்லை இந்த ஸ்டெல்லா.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறும் தமிழர்கள் நாங்கள். பாதிப் பேர் கச்சிபௌலி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். மீதிப் பேர் என்னைப் போலத் தலைமுறை தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் வேர்விட்டவர்கள். நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய, கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்குக் குறையாத உச்சிகள் எல்லாவற்றையும் தமிழில் பட்டியலிடுகிறோம். எந்தப் பக்கம் ஏறலாம், தண்ணீர் உண்டா, நிழல் உண்டா, எந்தப் பாறை வழுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு உண்டு. நீலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், எங்கள் நகரமே ஐந்நூறு மீட்டர் உயரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிரிக்கட்டும். மேப்பில் பெயர்கூட இல்லாத மலைகளுக்கு ஊர் ஊராகப் போய்ப் பெயர் கேட்டு, ஏறி, அளந்து எழுதுகிறோம். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

பட்டியலைப் பராமரிப்பவர் செந்தில். கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. விதிகள் எல்லாம் அவர் வகுத்தவை. உச்சியில் எடுத்த படம் வேண்டும், உயரக் கணக்கு வேண்டும். பக்கத்து உச்சிக்கும் இதற்கும் நடுவில் முப்பது மீட்டராவது பள்ளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தனி மலை இல்லை, பெரிய மலையின் முதுகில் ஒரு திமில். நல்ல விதிகள் என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நானும் என் கணவரும் சௌட்டுப்பல் தாண்டி, நாராயணபூர் பக்கம் ஸ்கூட்டரில் போனோம். ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு மலையடிவாரத்தை அடைந்தோம். பாதி வழியில் ஆஞ்சநேயர் கோயில் மண்டபத்தில் என் கணவர் முழங்கால் வலி என்று படுத்தவர், நான் இறங்கி வரும்வரை எழுந்திருக்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவர் குறட்டை விட்டார். உச்சியில் படம் எடுத்தேன், கீழே ஒரு ஏரி தெரிந்தது. பாட்டரி தீருமென்று லொகேஷனை அணைத்து வைப்பது என் வழக்கம். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் 641 மீட்டர் காட்டியது. குழுவுக்கு அனுப்பினேன்: குண்டல குட்ட. தெலுங்கில் குட்ட என்றால் குன்று. புதிதாக வருகிற தமிழர்கள் குட்டை என்று நினைத்துத் தண்ணீர் தேடுவார்கள்.

பட்டியலில் குண்டல குட்ட ஏற்கெனவே இருந்தது. ஏறியவர் செந்தில், உயரம் 612. என் வரிக்கு எதிரே அவர் எழுதினார்: "குண்டல குட்டயின் கீழே ஏரி எதுவும் இல்லை. படம் பொருந்தவில்லை. ஏறியதற்குச் சான்று இல்லை."

நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நான் எடுத்த படத்தை நம்பித்தான் இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு எலும்பு கூடியிருக்கிறது. என் படத்தைப் பொருந்தவில்லை என்றால் எப்படி இருக்கும்? குழுவில் ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை. அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது.

எல்.பி. நகர் தாண்டியதும் விஜயவாடா நெடுஞ்சாலை விரிந்தது. ஏழு மணிக்குள் சௌட்டுப்பல். வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

"அக்கா, டீ குடிக்கலாமுங்களா?" என்றார் செந்தில்.

"நக்கோ, வேணாம். நீங்க குடிங்க."

கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும். வழக்கமாக அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவேன். அவருக்கும் அது புரிந்தது. பதினைந்து ரூபாய் டீயை நின்றபடியே குடித்துவிட்டு வந்தார்.

"நான் உங்களைப் பொய்னு சொல்லலீங்க்கா. ஏதோ எடம் மாறிப் போச்சுன்னுதான் நெனச்சனுங்க."

"அப்படி எழுதலியே நீங்க. சான்று இல்லைன்னுதானே எழுதினீங்க."

நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, பருத்திக் காடுகளுக்கு நடுவே மண்பாதையில் குலுங்கியபடி போனோம். வழி சொன்னது அவர் போன். ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி, "இதுதானுங்க குண்டல குட்ட" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். நான் ஏறிய மலை இது இல்லை. கோயில் இல்லை, படிக்கட்டு இல்லை. செந்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அவர் எழுதியது சரி. நான்தான் எங்கோ எதையோ ஏறிவிட்டு இதன் பெயரைப் போட்டுவிட்டேனா? ஊர்க்காரர்கள் சொன்ன பெயர் என் காதில் இன்னும் இருந்தது. ஆனால் காதில் இருப்பதைப் படம் எடுத்துக் காட்ட முடியாதே.

"ஏறலாமுங்களா?" என்றார்.

"ஹவ், ஏறலாம். வந்தது எதுக்கு?" என்றேன்.

ஒரே கருங்கல் பாறையாக மலை சரிந்து கிடந்தது. பாறை இடுக்குகளில் எல்லாம் சீதாப்பழச் செடி. வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று செந்தில் வேகமாகப் போனார். "கைக்கு, எதுக்கு இவ்வளவு வேகம்? மலை எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிக்கொண்டே நானும் அவரை விடாமல் போனேன். ஐம்பத்து நான்கு வயதில் முப்பதைத் தொட்டவர்களுக்குச் சமமாக ஏறுகிறேன் என்பதைச் சந்தடி சாக்கில் இங்கே சொல்லிவைக்கிறேன்.

உச்சியில் அவர் கடிகாரம் 612 காட்டியது. என்னுடையதும் அதையேதான் காட்டியது. சுற்றிலும் பருத்தி, துவரை. ஏரி இல்லை. செந்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கிக் குடிக்கும்போதுதான் வடக்கே பார்த்தேன். நாங்கள் நின்ற மலைக்குப் பின்னால், சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாதபடி இன்னொரு மலை. அதன் தோளில் வெள்ளையடித்த ஒரு சின்ன மண்டபம். என் கணவர் தூங்கிய மண்டபம்.

பக்கத்துப் பாறைச் சரிவில் ஒரு பெண் கூடையோடு சீதாப்பழம் பறித்துக்கொண்டிருந்தார். தெலுங்கில் கூப்பிட்டு அந்த மலையின் பெயரைக் கேட்டேன், "அம்மா, ஆ குட்ட பேரேந்தி?"

"அதா? குண்ட்ல குட்ட."

"மரி இதி?"

"இதி குண்டல குட்ட" என்றவர், இதுகூடத் தெரியாமலா இவ்வளவு தூரம் ஏறி வந்தீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க்கா? ரெண்டும் ஒரே பேருதானுங்களே" என்றார் செந்தில், நிஜமாகவே விளங்காமல்.

"ஒரே பேரா? குடம்னு சொல்லு."

"குடம்."

"குண்டுன்னு சொல்லு. வெடிக்கிற குண்டு."

"குண்டு."

"ரெண்டு கு-வும் ஒண்ணா?"

வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தெலுங்கில் குண்ட என்றால் பானை. நம் குடத்தில் வருகிற கு. குண்டு என்றால் உருண்டைப் பாறை, வெடிகுண்டில் வருகிற கு. இது பானைகளின் குன்று, அது பாறைகளின் குன்று. தெலுங்கில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, தமிழில் ஒரே எழுத்து. அவர் தன் மலையைத் தமிழில் எழுதினார், நான் என் மலையைத் தமிழில் எழுதினேன். 'குண்ட்ல' என்று எழுதினால் நன்றாக இல்லையே என்று நான் ஓர் அகரம் சேர்த்து 'குண்டல' ஆக்கினேன். காதணி மாதிரி அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இரண்டு மலைகள் ஒரே வரிக்குள் போய் மாட்டிக்கொண்டன. ஐயோ தமிழே என்று இருந்தது.

செந்தில் அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அக்கா, நடுவுல பள்ளம் முப்பது மீட்டர் இருக்கோணுமுங்க. இல்லீனா ரெண்டும் ஒரே மலைன்னு ஆயிருமுங்க" என்றார்.

இந்த நேரத்திலும் விதி. ஆனால் அங்கேதான் அவர் மேல் எனக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. பட்டியல் வைத்திருக்கிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும். "இறங்கு, அளந்துடுவோம்" என்றேன்.

முள்ளில் சட்டை கிழிய இறங்கினோம். இரண்டு மலைக்கும் நடுவில் மிகத் தாழ்ந்த இடத்தில் நின்று பார்த்தால் கடிகாரம் 548 காட்டியது. பானைக் குன்றிலிருந்து அறுபத்து நான்கு மீட்டர் பள்ளம். சந்தேகமே இல்லாமல் இரண்டு மலைகள்.

அங்கிருந்து மறுபடியும் ஏறினோம். வெயில் முதுகில் அறைந்தது. மேலே மேலே உருண்டைப் பாறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ பெரிய கையால் அடுக்கிவைத்ததுபோல. கடைசிப் பாறையில் கை ஊன்றி ஏறி நின்றபோது காற்று வந்து முகத்தில் மோதியது. கீழே ஏரி. நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று என் பழைய படத்தை எடுக்காமலே இருந்தேன். செந்தில்தான் தன் போனில் அதைத் தேடி எடுத்து, ஏரிக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கரையில் நிற்கிற ஒற்றைப் பனைகூடப் பொருந்தியது.

641 மீட்டர். அவர் மலையைவிட உயரம். அதை நான் வாய்விட்டே சொன்னேன்.

"தப்புங்க்கா," என்றார் அவர். "ஏரி இல்லைனு எழுதினது தப்பில்லீங்க. சான்று இல்லைனு எழுதினது தப்புங்க. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கோணும்."

அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். கண் கலங்கியதைக் காற்றின் மேல் பழி போட்டேன்.

உடனே குழுவில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். குண்டல குட்ட வேறு, குண்டல குட்ட வேறு என்று வந்தது. யார் படித்தாலும் சிரிப்பார்கள். கடைசியில் போனில் ஒலிப்பதிவை அழுத்தி, முதலில் தான் பேசினார். எல்லாருக்கும் வணக்கம் என்று ஆரம்பித்து, ஸ்டெல்லாக்கா மலையைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன், இது தனி மலை, பள்ளம் அளந்தாகிவிட்டது, உயரம் இவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். பிறகு போனை என் வாய்ப் பக்கம் நீட்டினார்.

"பேரு எனக்குச் சரியா வரமாட்டேங்குதுங்க. எழுதவும் முடியல. நீங்களே சொல்லுங்க்கா."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். வெடிகுண்டில் வருகிற கு-வை நன்றாக அழுத்தி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"குண்ட்ல குட்ட. ஏறினது லாலாகுடா ஸ்டெல்லா. ரெண்டு தடவை."