ஓரகத்தியின் வெள்ளைப் போத்தல்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே மாதத்தில்தான் காசநோய் என்று சொன்னார்கள். நோயிலும் அவளுக்குத்தான் மவுசு என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவள் என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றவன். போன வருடம் காய்ச்சல் என்று வந்து படுத்தவன் அப்படியே போய்விட்டான். அன்றிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யார் கண்ணிலும் நான் படவில்லை. மாமியார் சூப் வைத்தால் முதல் கோப்பை அவளுக்கு. நானும்தான் இருமினேன், நானும்தான் எலும்பும் தோலுமானேன். கேட்டால், "அவ பாவம்டி, தாலியறுத்தவ" என்பார். புருஷன் உயிரோடு இருப்பது என் குற்றமா?

ஹட்டனுக்குக் கிளினிக் போகும் நாளில் வயிறு இன்னும் எரியும். அக்கரப்பத்தனையிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே வாங்கில் உட்காருவோம். என்னை நிறுத்துப் பார்த்து, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அவளை மட்டும் நர்ஸ் மிஸ் தோளில் கை வைத்து உள் அறைக்குக் கூட்டிப்போவார். கதவு சாத்தப்படும். அரை மணி நேரம்! வெளியே வரும்போது அட்டைகளோடு ஒரு வெள்ளைப் போத்தலும் அவளிடம் இருக்கும். ஆரம்பத்தில் இருவருக்கும்தான் இரத்தம் எடுத்தார்கள். "உங்களுக்கு இரத்தத்தில ஒண்ணும் இல்ல, சந்தோசமா போங்க" என்று என்னிடம் சொன்னார் அந்த மிஸ். இருமி இருமி விலா நோகிறது, ஒன்றுமில்லையாம்!

"என்னாடி அது போத்தல்?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"சத்து மாத்திரதான், அக்கா" என்று பையின் அடியில் சொருகிக்கொண்டாள்.

எனக்குச் சத்து வேண்டாமா? தோட்டத்தில் கூரைத் தகரம் வந்தாலும், கம்பளி வந்தாலும், தேயிலைத் தூள் கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒரே பங்குதான். ஒரு வீட்டுக்குக் கூடிவிட்டால் மற்ற வீடு சங்கத் தலைவரிடம் போய் நியாயம் கேட்கும். நானும் போனேன். "என் பங்கு மருந்தையும் சேத்து அவளுக்கே குடுக்கிறாங்க தலைவரே" என்றேன்.

தினமும் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் கண் முன்னால் நாங்கள் இருவரும் அந்த மாத்திரைகளை விழுங்க வேண்டும். மறுநாள் தலைவர் நேரே அங்கேயே வந்துவிட்டார். பின்னால் கூடை மாட்டிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

"ஒரே வியாதிக்கு ஒரே மருந்துதானேங்க? இதுல என்னாங்க ஓரவஞ்சன?" என்றார் தலைவர்.

ஐயாவின் முகம் மாறியது. "அது டாக்டர் எழுதினது. நான் இங்க பேச ஏலாது. அவங்கள விடுங்க."

"ஏன் பேச ஏலாது?" என்றேன் நான்.

ஓரகத்தி தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள். "எனக்குச் சக்கர வியாதிங்க தலைவரே. அதுக்குத்தான் அந்த மாத்திர" என்றாள். தலைவரும் சரி என்று திரும்பிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"சக்கரையா? நேத்து மூணு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சவளுக்கா? எங்கிட்ட சத்து மாத்திரன்னாளே! எதுடி உண்ம?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"எச்.ஐ.வி., அக்கா" என்றாள். "அவுக உசுரு போனதும் அதுனாலதான்."

கூடைக்காரிகள் இரண்டடி பின்னால் போனார்கள். தலைவரும்தான். ஐயா மட்டும் எழுந்து அவள் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார். எங்கள் எல்லோர் முன்னாலும் அவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"அந்தக் கிருமி ஒடம்புப் பலத்தத் தின்னதாலதான் அவங்களுக்குக் காசம் சுளுவாப் புடிச்சிருச்சு" என்று ஐயா பிறகு எனக்குச் சொன்னார். "ஒங்க இரத்தத்துல அது இல்ல. அதவிட என்னா சத்து வேணும் ஒங்களுக்கு?"

ஒரு கோப்பையில் குடித்தால் தொற்றாது, பக்கத்தில் நின்றால் தொற்றாது என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் குடம் வைத்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். மலையில் அவள் நிரைக்குப் பக்கத்தில் கொழுந்தெடுக்க ஒருத்தியும் நிற்கவில்லை. நான் நின்றேன். அதைப் பெரிதாகச் சொல்ல வாய் கூசுகிறது, கெடுத்தவளே நான்தானே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐயா அவளிடம் மெதுவாகப் பேசும்போது அப்போதும் எனக்குள் சுருக்கென்றது. என்ன பிறவியோ நான்.

ஆறு மாதத்தில் இருவருக்கும் காசநோய் மருந்து முடிந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் ஐயா. வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"குடுத்து வச்சவக்கா நீங்க. ஒங்களுக்கு எல்லாம் முடிஞ்சிருச்சு. எனக்கு மத்த மருந்து சாகுற வரைக்கும். ஒங்களப் பாத்தா வயிறு எரியுதுக்கா."

என்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவள் நான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.