கணவனைக் காப்பாற்றிய புடவைக் கடை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கு மேல் ஆடை வடிவமைப்பில் டிப்ளமா வேறு. எனவே தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிவி தொடரில் வேலை கிடைத்தபோது, வடிவமைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பினேன். தி. நகர் புடவைக் கடையிலிருந்து இரவல் வரும் புடவைகளை, விலைச்சீட்டு வெளியே தெரியாமல் மடித்து, கதாநாயகிக்கு ஊக்கு குத்துவதுதான் என் வேலை. கறை படாமல் திருப்பித் தர வேண்டும் என்பதால் அவள் சமையலறையில்கூட அடுப்பை விட்டுத் தள்ளியே நின்றாள். டைட்டிலில் கடையின் பெயர் திரை முழுக்க வரும். என் பெயர் வராது.

ஏன் என்று கேட்டேன். தயாரிப்பாளர் ஒரு வழி சொன்னார். கதைப்படி கதாநாயகியின் கணவன் விபத்தில் சாகப்போகிறான்.

"அப்புறம் அவளுக்குக் கடைப் புடவை வேணாம். நீயே துணி எடுத்து நீயே பண்ணு. உன் பேரப் போட்டுடலாம்."

ஒருவரின் சாவுக்காக அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு உற்சாகமாக உழைத்ததில்லை. வெள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சாம்பல், வெளிர்சந்தனம். மயிலாப்பூர் டெய்லரிடம் முழுக்கை ரவிக்கைகள்கூடத் தைத்தாயிற்று.

செய்தி கடை முதலாளிக்குப் போய்விட்டது. அடையாறில் படப்பிடிப்பு நடந்த பங்களாவுக்கு நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை. காபியை முழுக்கக் குடித்துவிட்டுத் தயாரிப்பாளரிடம் சொன்னார்.

"போன வாரம் நம்ம கூறைப்புடவைல நின்ன பொண்ணு இந்த வாரம் தாலியறுத்தா, முகூர்த்தத்துக்கு எவன் சார் கடைப்படி ஏறுவான்?"

அன்று மதியமே கணவன் பிழைத்துக்கொண்டான். கோமா என்று டைரக்டர் அறிவித்தார். மாலை போட்டு அனுப்பிவைத்திருந்த நடிகரை மறுபடி கூப்பிட்டார்கள்.

நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு எந்தக் கடையும் துணி தராது, அதை நான்தான் தைத்தாக வேண்டும், பேசிய பேச்சு நிற்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் போய் நின்றேன். சிரித்தார். ஆனால் பெயரைப் போட்டார். வெளிர்நீலக் கோடு போட்ட சட்டையும் பைஜாமாவும். காலர் வைப்பதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

ஒளிபரப்பான அன்று ராயப்பேட்டையில் எங்கள் ஒண்டுக்குடித்தனம் மொத்தமும் டிவி முன்னால் கூடியது. படிக்கத் தெரியாத அம்மாவுக்காக என் பெயரை நானே உரக்க வாசித்தேன். அம்மா எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். பிறகு திரையில் கணவர் வந்தார், கழுத்துவரை போர்வையோடு.

"நீ தச்சது எங்கடி கீது?" என்றாள் அம்மா.

"உள்ள."

"அந்த நர்சம்மா போர்வைய கொஞ்சம் எறக்குனா இன்னாவாம்?"

அவர் பிழைத்தெழ வேண்டுமென்று ஊரெல்லாம் பெண்கள் கோயிலில் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். இதற்குள் பாண்டி பஜாரில் ஓர் ஆண்கள் ரெடிமேட் கடை, அவர் எழுந்ததும் சட்டைகள் தருவதாகத் தயாரிப்பாளரிடம் பேசியிருந்தது. ஒவ்வொரு நாளும் அவருடைய போர்வையை நானே சரிசெய்து, "நல்லா தூங்குங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.