உறை ஒன்று, தட்டு வேறு

பழைய இசைத்தட்டு விற்கிறவனுக்கு, வாங்க வருகிறவரைவிட விற்க வருகிறவர் மேல்தான் கண்.

என் மனைவி லீலாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இட்லியைப் பாதியில் ஒதுக்கிவிட்டு, நான் போய்க் கடையைத் திறந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படித்தபோது சால்ட் லாந்தர்ன்ஸ் என்ற உள்ளூர் ராக் குழுவின் கச்சேரியை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள். அந்தக் குழு போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. நாங்கள் கடை நடத்திய இத்தனை வருஷத்தில் அது எங்கள் கையில் சிக்கவில்லை. "போங்க, இன்னைக்கு யாராவது அந்த பிளேட்டக் கொண்டுவந்து வாசல்ல நிப்பாங்க" என்றாள். போனேன். யாரும் வரவில்லை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

போன வருஷம், அந்தக் குழுவில் மிச்சமிருப்பவர்கள் மறுபடி கூடித் திருவனந்தபுரத்தில் வாசிக்கப்போவதாகப் பேப்பரில் பார்த்தேன். அந்தத் தட்டு எங்காவது கிடைக்கும் என்றால் அந்த ஊரில்தான், அந்தச் சமயத்தில்தான் என்று தோன்றிவிட்டது. கடைக்கு இரண்டு நாள் பூட்டு. பையில் ஒரு மாற்று உடுப்பும் சின்ன ரெக்கார்டு பிளேயரும் மட்டும். மீதி இடம் வரப்போகிற சரக்குக்கு. இந்தத் தொழிலில் இருக்கிற நீங்கள் எல்லோரும் இப்படித்தான் பை கட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தம்பானூர் லாட்ஜ்

ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ஏறினேன். மேனேஜர் தென்காசிக்காரர். எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். அவர் அனுபவத்தில் என் வயதுக்காரர்கள் அங்கே வந்து தங்குவது மூன்று காரியத்துக்கு: கண் ஆபரேஷன், கோவில், மகளுக்குப் பிரசவம். நான் ராக் கச்சேரிக்கு வந்திருக்கிறேன் என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கூட யாராவது வருவார்களா, ராத்திரி அறையில் ஆட்டம் பாட்டம் இருக்குமா என்று விசாரித்தார். நான் தனி ஆள், காபி மட்டும்தான் குடிப்பேன் என்று சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் சாவியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"கண் ஆபரேஷன்னே போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி, மொதலாளி அதைத்தான் நம்புவாரு."

சாலைக்குப் பின்னால் ஒரு சந்து

சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால், மிக்சி ரிப்பேர் கடைக்கு மாடியில், மலையாளம் கலந்து தமிழ் பேசும் நசீர் என்பவர் பழைய தட்டுகளை அரிசி மூட்டைபோல அடுக்கி வைத்திருக்கிறார். காலையிலிருந்து குனிந்து புரட்டினேன். விரல் நுனி கறுத்தது, முதுகு பிடித்தது. மூன்றாவது அடுக்கின் அடியில் நீல நிற உறை ஒன்று தலை நீட்டியது. உப்பளம், நடுவே ஒரு லாந்தர், நாலு நீளமுடிக்காரர்கள். லீலா சொன்ன அதே படம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. உறையைப் பார்த்து எடுக்காதே, தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எடு. கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நசீர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, தட்டை உள்ளே நோக்கலையல்லோ, பின்னே எங்கிட்ட சண்டைக்கு வரவேண்டா கேட்டோ."

இது பேனா

லாட்ஜ் அறையில் பிளேயரைத் திறந்து, கையைத் துடைத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்கினேன். கிடாரை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வெள்ளைக்காரர் தொண்டையைச் செருமிவிட்டு, இது பேனா, இது மேசை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். உச்சரிப்புப் பாடம். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டி, பையனுக்கு இந்த ரெக்கார்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நசீரிடம் ஓடினேன். நான் சண்டை போடவில்லை. தொழிலில் இருக்கும் உங்களுக்கும் தெரியும், தப்பான தட்டு உள்ளே இருந்தால் சரியான தட்டு தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அது இன்னொன்றின் உறைக்குள் குடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த அடுக்குத் தட்டுகளை எந்த வீட்டுப் பரணிலிருந்து இறக்கினார் என்று கேட்டேன். கோட்டைப் பகுதிக்குள் ஒரு அக்ரஹார வீடு என்றார். ஆட்டோவுக்குக் கைகாட்டியபோது தோளைத் தட்டினார்.

"அங்கே போய் ராக் ரெக்கார்டு உண்டோன்னு கேக்கவேண்டா, இங்கிலீஷ் பாடம் உண்டோன்னு கேட்டா போதும்."

கோட்டைக்குள்

கதவைத் திறந்தவர் ஹரிஹரன் சார், பாங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நசீர் சொன்னபடியே கேட்டேன். ஆங்கிலப் பாடமா, அது என் ஆத்துக்காரியோடதாச்சே, தரவே மாட்டாளே என்றபடி உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ராஜி மாமி வந்தார். என் கையில் நீல உறையைப் பார்த்ததும் முகம் மாறியது. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. கல்லூரியில் படிக்கும்போது தோழி தந்த தட்டு. அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். அதனால் அப்பாவே வாங்கித் தந்த பாடத்தின் உறைக்குள் அதை வைத்துவிட்டு, பாடத்தை இந்த உறையில் போட்டு ஒளித்துவிட்டார். அப்பா சாயங்காலம் கோவிலுக்குப் போனதும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஊசியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். அப்போதும் ஊசியிலிருந்து கொசு பாடுவதுபோல ஒரு சத்தம் வருமே, அது. கல்யாணமாகி இரண்டு உறைகளையும் இங்கே கொண்டுவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஹரிஹரன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இவ இங்கிலீஷ் படிக்கறாள்னு ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தேனே."

கச்சேரி

லீலாவைப் பற்றிச் சொன்னேன். மாமி எழுந்துபோய்ப் பாடத்தின் உறையோடு தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பதிலுக்கு ஒன்றுதான் கேட்டார்: சாயங்காலக் கச்சேரிக்குத் தன்னையும் அழைத்துப் போகவேண்டும். இந்தத் தடவை தட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் பக்கம் ஊசி உழுது உழுது சாம்பல் நிறமாகியிருந்தது. இரண்டாம் பக்கம் அன்றைக்குத்தான் அச்சானதுபோலப் பளபளத்தது. அதை லாட்ஜில் போட மனமில்லை. எங்கள் கடையில் வைத்துத்தான் கேட்பது என்று பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாமி பட்டுப்புடவையில் வந்தார். ஹரிஹரன் சார் ஆட்டோ வரை வந்து காதுக்குப் பஞ்சு கொடுத்தார். மாமி அதை அப்படியே என்னிடம் தந்துவிட்டார். கவடியார் பக்கம் திறந்தவெளி மைதானம், சுற்றிலும் கறுப்புச் சட்டை இளவட்டங்கள். மேடையில் நரைத்த தலைகள். முதல் அடியிலேயே டிரம்ஸ் என் விலா எலும்பில் விழுந்தது. மாமிக்கு ஒவ்வொரு வரியும் தெரிந்திருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள். நடுவே என் பக்கம் குனிந்து, இந்தப் பாட்டெல்லாம் இவ்வளவு பெரிசா இருக்கும்னு நினைக்கவே இல்லை என்றார்.

அப்புறம் பாடகர் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்ல, கிடார் மட்டும் மெதுவாக ஒரு மெட்டை எடுத்தது. பஞ்சைச் சட்டைப் பையில் திணித்தேன். லீலா கடையில் தட்டுகளைத் துடைக்கும்போது முனகிக்கொண்டே இருப்பாளே, அதே மெட்டு. மாமியைப் பார்த்தேன். அவர் வாய் மூடியிருந்தது. இது புதுப் பாட்டா என்று கேட்டார். இல்லை, உங்கள் தட்டில் இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு என்றேன். நம்பவில்லை. நீல உறையின் பின்புறத்தைக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்துவிட்டு, பாட்டு முடியும் வரை மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம் முடியறதுக்குள்ள அப்பா கோவில்லேருந்து வந்துடுவார், அப்புறம் அதுவே பழக்கமாயிடுத்து, திருப்பிப் போட்டதே இல்லை."

திரும்பி வந்தது

ஆட்டோவில் மாமி தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நானாகத்தான் பையைத் திறந்து தட்டை எடுத்து நீட்டினேன். உங்க ஆத்துக்காரிக்கு ஆச்சே என்று கையைப் பின்னால் இழுத்தார். அவள் கேட்டுவிட்டாள், நீங்கள்தான் பாக்கி என்றேன். பாடத் தட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். இப்போது சத்தத்தை முழுக்கத் திறந்துவைத்தே கேட்கிறாராம். லாட்ஜ் மேனேஜர் என்னைப் பற்றி எழுதிக்கொண்டதை நான் சொல்லக் கேட்டிருந்த ஹரிஹரன் சார் மறுவாரம் என்னைப் போனில் பிடித்தார்.

"நிஜமாவே கண் ஆபரேஷனுக்கு வந்தவரை ஆத்துக்குள்ள விட்டிருந்தா இந்தத் தொந்தரவு இல்லையே."

தேடிய தட்டைக் கண்டுபிடித்தும் வெறும் உறையோடு ஊர் திரும்பிய வியாபாரி என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. தட்டு கோட்டைக்குள் இருக்கிறது, உறை என் கடைச் சுவரில் இருக்கிறது.