எரிக்காத ரிஜிஸ்டர்

எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம். முதியோர் பென்ஷன் பட்டியல் முழுவதும் அதில் ஏறியதும், பழைய ரிஜிஸ்டர்களை எரிக்கச் சொன்னார் ஆபீசர்.

எரித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் மெஷினை நம்ப மனம் வராமல், அத்தனையையும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

இன்று சூரமங்கலம் டவுன் பஸ்ஸில் ஆபீசரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, எல்லாத்தையும் எரிச்சுப்போட்டீங்களா?”

“ஆமாங்க சார்.”

அவர் முகம் வெளிறியது. “ஒண்ணுகூட மிச்சமில்லீங்களா? ஓமலூர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டர்ல காணோமுங்க. பெரியவங்க எல்லாம் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறாங்க.”

சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

நாளைக்கு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போய், சாம்பலில் கிடைத்தது என்று சொன்னால் நம்புவாரா? நீங்களே சொல்லுங்கள்.